எட்டாவது துணி

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் தும்மாத ஆள் கிடையாது. வடக்குக் காற்று அடித்தால் சிவப்பு மண், தெற்குக் காற்று அடித்தால் கடலுப்பு. வீட்டுக் குளிர்காற்றுப் பெட்டியின் ஃபில்டரைக் கழற்றி உதறினால் தக்காளிச் செடி வைக்கிற அளவுக்கு மண் விழும். அந்த மண்ணை நம்பித்தான் என் பக்கத்து வீட்டு ரெய்லீன் பாஸ்கோ முப்பது வருடம் சாப்பிட்டாள். தகரத்தை வெட்டி மடித்துக் கூரைக்குள் காற்றுக்குழாய் போடுவது அவள் தொழில். பள்ளிக்கூடம், வங்கி, கசாப்புக்கடை என்று ஊரில் அவள் தலை நுழையாத கூரை இல்லை.

தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு வங்கியின் காற்றுக்குழாய்க்குள் தன் மதியச் சாப்பாட்டை மறந்து வைத்து மூடிவிட்டாள். ஆட்டிறைச்சி சாண்ட்விச். அதுவும் ஜனவரி மாதம். வங்கிக்காரர்கள் இரண்டு வாரம் செத்த எலியைத் தேடினார்களாம். அன்றிலிருந்து ரெய்லீன் எண்ணாமல் எதையும் உள்ளே கொண்டுபோக மாட்டாள், எண்ணாமல் வெளியே வரமாட்டாள். திருகாணி, குறடு, துணி எல்லாவற்றுக்கும் கணக்கு. பார்க்கிற நமக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

அவள் புருஷன் நெவில் இரும்புத்தாது ரயில் ஓட்டியவன். ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கும்போதே, "போரடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். முப்பது வருடம் அலுக்காத ரயில் திடீரென்று ஏன் அலுத்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வந்தவன் ஷெட்டுக்குள் தன் பழைய யூட்டோடு குடித்தனம் நடத்தினான். முன்னால் கார், பின்னால் திறந்த தட்டு, எங்கள் பக்கம் பாதிப் பேர் ஓட்டுகிற வண்டிதான். ஆனால் நெவிலுடையதில் எட்டு சிலிண்டர் எஞ்சின்மேல் ஒரு சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தது. எஞ்சினின் தொண்டைக்குள் காற்றைக் கட்டாயப்படுத்தித் திணிக்கிற யந்திரம். பெல்ட்டில் அது சுற்றும்போது போடுகிற ஊளையைக் கேட்டால் என் நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு மார்ச்சிலும் கெய்ர்ட்னர் உப்பு ஏரிக்குப் போவோம். அவர்கள் யூட்டை டிரெய்லரில் ஏற்றி இழுத்து வருவார்கள், நான் சமையலுக்கு. வெள்ளைவெளேரென்ற உப்புத் தரையில் வண்டிகள் ஒவ்வொன்றாக நேர்கோட்டில் பறக்கும். மணிக்கு இருநூறு மைல் தொட்டவனுக்கு ஒரு தொப்பி தருவார்கள். கடையில் பதினைந்து டாலருக்குக் கிடைக்கிற மாதிரித் தொப்பி. அதற்காக நெவில் பதினொரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தான். போன வருடம் நூற்றுத் தொண்ணூற்றாறு.

நவம்பரில் ஒரு நாள் நான் வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் கொடுக்கப் போனபோது ரெய்லீன் யூட்டின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தாள்.

"ஹேசல், நீயே வந்து பாரு இந்தக் கொடுமைய. இவன் எஞ்சினுக்கு மூக்கு எங்க வெச்சிருக்கான் தெரியுமா? ரேடியேட்டர் பின்னாடி. அடுப்பு மேல மூக்க வெச்சு மூச்சு விடச் சொன்னா நீ விடுவியா?"

"பதினோரு வருஷமா விட்டுட்டுதான இருக்கு" என்றான் நெவில்.

"பதினோரு வருஷமா தொப்பியும் இல்லாமதான இருக்கே."

"அது ஃபில்டர் பெருசு. நல்ல காட்டன் ஃபில்டர்."

"ஒண்ணே ஒண்ணு! அந்த யந்திரம் குடிக்கிற காத்துக்கு ஒண்ணு எப்படிப் பத்தும்? ஒரே ஸ்ட்ராவ வெச்சுக்கிட்டு ஒரு வாளி மில்க்ஷேக் குடிக்கச் சொல்ற. காத்து சோம்பேறிடா நெவில். வளைவு கண்டா நின்னுக்கும். நேரா விடு, குளிர்ச்சியா விடு, அகலமா விடு. அதுவா ஓடி வரும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. முன்விளக்குகள் இரண்டையும் கழற்றி, அந்தக் குழிகளையே மூக்காக்கினாள். அங்கிருந்து இரண்டு அலுமினியக் குழாய்கள். இரண்டும் ஒரு தகரப் பெட்டியில் போய்ச் சேரும். பெட்டிக்குள் குழாய்க்கொன்றாக இரண்டு பெரிய ஃபில்டர்கள், அதைத் தாண்டி ஒரே அகலக் குழாய் சூப்பர்சார்ஜரின் வாய்க்கு. ஜனவரி முழுக்க நாற்பத்துநான்கு டிகிரியில் ஷெட்டுக்குள் தகரம் தட்டினாள். கழுத்தில் ஈரத்துண்டு, வாயில் திருகாணி. மடிப்பு ஒவ்வொன்றுக்கும் மெழுகு. ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துணிக்கொடியில் நெவிலின் உள்ளாடைக்குப் பக்கத்தில் காயப்போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். எண்ணெய் குறைந்தால் தூசு உள்ளே போகும், கூடினால் காற்று நின்றுவிடும் என்பாள்.

குழாய் வாய் திறந்திருக்கும் நேரமெல்லாம் துணியால் அடைக்க வேண்டும். எங்கள் ஊர்த் தூசுக்கு அதுதான் வழக்கம். நெவிலின் பழைய ரயில்வே சட்டையை எட்டாகக் கிழித்துவைத்தாள். கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறம். "உள்ள கிடந்தா பளிச்சுனு தெரியணும்" என்றாள். எட்டு துணி, ஒரு மாவுப் பை. வேலை முடிந்தால் எட்டும் பைக்குள் போக வேண்டும்.

பக்கத்து ஊரான வயாலாவில் ஒரு பட்டறையில் யூட்டை உருளைகள்மேல் ஏற்றிக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் மூச்சுவிட எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று அளக்க ரெய்லீனிடம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே சிவப்புத் தண்ணீர். கஷ்டம் கூடக்கூடத் தண்ணீர் மேலே ஏறும். பழைய ஃபில்டரோடு பதினெட்டு அங்குலம் ஏறியது. புதியதில் நெவில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தான்.

"எவ்வளவு?" என்று கத்தினான் உள்ளேயிருந்து.

"நீயே பாரு, உன் மூஞ்சிக்கு நேராத்தான புடிச்சிருக்கேன்!"

"நீ சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவேன்."

"அஞ்சு! அஞ்சே அஞ்சு!"

திரும்பி வரும் வழியில் மூன்று பேரும் பெட்ரோல் பங்கில் இறைச்சி பஃப் தின்றோம். நெவில் தக்காளி சாஸைப் பஃப்புக்குப் பக்கத்தில் காகிதத்தில் ஊற்றிக்கொண்டான். ரெய்லீன் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டாள், நானும் சிரித்தேன்.

அந்த மார்ச்சில் ஏரியில் காற்று விடவே இல்லை. திங்கள் முதல் வியாழன் வரை பக்கக்காற்று. இருநூறு மைலைத் தொடத் தேவையான நீண்ட பாதையைத் திறக்கவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து சீட்டாடி, ஈ ஓட்டி, ஒருவரையொருவர் கடித்துக் குதறினோம். ரேடியோவில் வெள்ளி மாலை மழை என்றார்கள். ஏரியில் மழை விழுந்தால் அந்த வருடம் முடிந்தது.

வெள்ளி காலை காற்று அடங்கியது. மதியம் வரை நீண்ட பாதை திறந்திருக்கும் என்று அறிவித்ததும் முகாமே பரபரத்தது. நெவில் விடியும்முன்பே எழுந்து பந்தய உடையை மாட்டியிருந்தான். அவனுக்கு அறுபத்திரண்டு. அடுத்த வருடத்திலிருந்து அறுபத்திரண்டைத் தாண்டியவர்களுக்குப் புது மருத்துவப் பரிசோதனை. "இதுதான் கடைசி" என்று அவன் வாயால் சொல்லவில்லை. ஆனால் பதினொரு வருடத்தில் முதல்முறையாக நான் பொரித்த முட்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டுப் போனான்.

இரவெல்லாம் அடித்த தூசுக்கு ஃபில்டர்களை மாற்றியே ஆக வேண்டும் என்றாள் ரெய்லீன். பெட்டியைத் திறந்து, குழாய் வாய்களை ஆரஞ்சுத் துணியால் அடைத்து, பழையதை எடுத்துப் புதியதை வைத்தாள். பாதி வேலையில் நெவில் கூப்பிட்டான்.

"ரெய், இங்க வா, டயர் காத்து எவ்வளவுன்னு பாரு."

"கையில எண்ணெய்டா. மீட்டர் உன் கையிலதான இருக்கு!"

"வெயில் பட்டு மினுங்குது. வந்து பாருன்னா."

அவள் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்து பெட்டியை மூடி, கிளாம்ப்புகளை இறுக்கினாள். யூட்டின் அடியைக் கழுவினோம். சிவப்பு மண் ஒரு பொட்டுகூட உப்பில் படக் கூடாது. ஏரி அதற்குரிய பழங்குடி மக்களுடையது, நாம் விருந்தாளிகள். நெவில் தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையாட்டினான். யூட் ஊளையிட்டுக்கொண்டு வெள்ளையில் கரைந்தது.

நான் தேநீர் போட்டேன். ரெய்லீன் மாவுப் பையைக் கவிழ்த்தாள். துணிகளை மேசையில் பரப்பி எண்ணினாள்.

"ஹேசல்" என்றாள். "ஏழுதான் இருக்கு."

"சரியா எண்ணு."

"மூணு தடவ எண்ணிட்டேன்."

"காத்துல பறந்திருக்கும்."

"எங்க காத்து? அதுவும் பை மேல குறட்ட வெச்சிருந்தேன்."

கூடாரத்தைப் புரட்டினோம். மேசைக்கடியில், கருவிப்பெட்டியில், குப்பையில், கழுவிய தார்ப்பாய்க்குள். நான் மூட்டைமுடிச்சையெல்லாம் கொட்டினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று, வலது கையை மேலும் கீழும் ஆட்டிக் காலையில் செய்ததைத் திரும்பச் செய்து பார்த்தாள்.

"இடது குழாய்ல இருந்து எடுத்தேன். வலதுல எடுத்தேன். பெட்டிக்குப் பின்னாடி பெரிய குழாய்ல... அப்பதான் கூப்பிட்டான். டயர் காத்து. நான் எடுத்தேனா? ஹேசல், எடுத்தேனா?"

"எடுக்காம இருந்திருந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகாதே."

"ஆகும். துணி லேசு. ஓரமா ஒதுங்கிக் கிடக்கும். முழுசா மிதிக்கும்போதுதான் யந்திரம் இழுக்கும். காத்து போற வழியில ஒரு கதவு இருக்கு, கால மிதிச்சா தொறக்கும், எடுத்தா மூடும். துணி போய் அதுல சிக்கிச்சுன்னா மூடாது. அவன் கால எடுப்பான், வண்டி நிக்காது. இருநூறு மைல்ல."

மீதியை அவள் சொல்லத் தேவையில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

எங்களிடம் இருந்த ரேடியோவில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. தொடக்கக்கோட்டுப் பெண் ப்ரான்வென்னின் குரல் வந்தது: பாஸ்கோவுக்கு முன்னால் இன்னும் நான்கு வண்டி. நான்கு வண்டி என்றால் இருபது நிமிடம். தொடக்கக்கோடு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. உப்பில் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்குமேல் போனால் வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் என் வண்டியை எடுத்தேன். ரெய்லீன் மடியில் மாவுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் துணிகளை எண்ணிக்கொண்டே இருந்தது.

"இல்லாம இருந்துச்சுன்னா?" என்றாள்.

"எது?"

"துணி. உள்ள இல்லாம இருந்துச்சுன்னா. நிறுத்தினா வரிசையோட கடைசிக்குப் போகணும். மத்தியானம் மூடிருவாங்க. பதினோரு வருஷம், ஹேசல். என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டான்."

"அப்ப விட்டுறலாமா?"

ரேடியோ ஒரு வண்டியை அனுப்பியது. இன்னும் மூன்று. முள் நாற்பதிலேயே நின்றது. வெள்ளைத் தரையில் எவ்வளவு ஓட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருக்கும். அந்தப் பாழாய்ப்போன ஏரியை அன்றைக்குப்போல நான் என்றைக்கும் திட்டியதில்லை.

"அவன் திட்டட்டும்" என்றாள் திடீரென்று. "திட்டுறதுக்கு ஆள் இருந்தாப் போதும். கொஞ்சம் மிதிடி."

"மிதிச்சா அனுப்பிருவாங்கடி, அப்பறம் யாரு போய்ச் சொல்றது?"

இன்னும் இரண்டு. இன்னும் ஒன்று. தொடக்கக்கோட்டுக் கூடாரம் கண்ணில் பட்டபோது முன்னால் நின்ற வண்டி கிளம்பிப் போய்விட்டது. நெவிலின் யூட் கோட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நான் நிறுத்துவதற்குள் ரெய்லீன் இறங்கி ஓடினாள். அறுபது வயது, ரப்பர் செருப்பு.

"நிறுத்து! ப்ரான்வென், அவன நிறுத்து!"

ப்ரான்வென் பள்ளிக்கூட ஆசிரியை. கேள்வி கேட்காமல் சிவப்புக் கொடியைத் தூக்கினாள். யூட் நகர்ந்தது. மறுபடி வீசினாள், இந்த முறை கை முழுக்க. யூட் நிற்கவில்லை. கொடிக்கும் வண்டிக்கும் முப்பது தப்படிகூட இல்லை. கோட்டில் நின்றவர்கள் கத்தினார்கள். ரெய்லீன் நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றினாள். அப்புறம்தான் அது குலுங்கி நின்றது.

"பிடிவாதக்காரக் கிழவன்" என்றாள் ப்ரான்வென் என்னிடம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வரிசையை விட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். நெவில் கவசத்தைக் கழற்றாமல் உள்ளே உட்கார்ந்தபடியே கத்தினான்.

"என்ன எழவுக்கு நிறுத்தின?"

"ஒரு துணி குறையுது. உள்ள இருக்கலாம்."

"இருக்கலாமா? இருக்கலாமா! நீ எண்ணாம எதையாவது மூடுவியா? முப்பது வருஷத்துல ஒரு திருகாணி விட்டிருக்கியா?"

"சாண்ட்விச் விட்டிருக்கேன்."

"விளையாடாத ரெய்லீன்!"

"விளையாட்டா தெரியுதா உனக்கு? நகரு, தொறந்து பாக்கணும்."

கிளாம்ப்பைத் தளர்த்தினாள். பெட்டியைக் கழற்றினாள். பெரிய குழாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள், என்னையும் பார்க்கச் சொன்னாள். சூப்பர்சார்ஜரின் வாய்க் கதவு தேய்த்த பாத்திரம்போல மின்னியது. துணி இல்லை. ஒரு நூல்கூட இல்லை.

அவள் உப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெற்கே மேகம் கறுத்திருந்தது. காற்று காட்டக் கம்பத்தில் தொங்கிய துணிப்பை மெல்ல நிமிர்ந்து படுக்கையாக நின்றது. சற்று நேரத்தில் ப்ரான்வென் வந்து, நீண்ட பாதையை மூடிவிட்டார்கள் என்று சொன்னாள். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"திருப்தியா?" என்றான் நெவில். கவசத்தைக் கழற்றினான். கையுறையைக் கழற்றினான். இடது கையுறையோடு சேர்ந்து ஒரு ஆரஞ்சு முனை வெளியே வந்தது.

ரெய்லீன் எழுந்தாள். அந்த முனையைப் பிடித்து இழுத்தாள். கையுறைக்குள் மடித்துச் செருகியிருந்த துணி முழுதாக வந்தது. ஈரமாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். அவளோ துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். எண்ணெய் இல்லை, பெட்ரோல் இல்லை. அவனுடைய இடது கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவன் அழவில்லை, அது தானாக வழிந்தது.

"எத்தன நாளா?" என்றாள்.

"வெளிச்சம் பட்டா வழியுது. தொடைக்கத்தான் ஒண்ணு எடுத்தேன். அவசரத்துல நீ எண்ணுவன்னு தோணல."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷம்."

"ரயில விட்டது..."

"சிக்னல் தெரியல ரெய். ஒரு நாள் சிவப்ப தாண்டிட்டேன். எதிர்ல ஒண்ணும் வரல, அவ்வளவுதான். மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன். உங்கிட்ட சொன்னா இதயும் புடுங்கிருவ."

"இங்க கண்ணு பரிசோதனை எப்படிப் பாஸ் பண்ண?"

"எழுத்த மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். வலது கண்ணு சுமாராத் தெரியும். உப்புல என்ன இருக்கு, ஒரு கறுப்புக் கோடுதான? அத புடிச்சுப் போயிடலாம்னு."

ரெய்லீன் ப்ரான்வென் நின்ற பக்கம் திரும்பினாள். கொடி இன்னும் அவள் கையில் இருந்தது.

"அவ கையில என்ன வெச்சிருக்கா, சொல்லு."

நெவில் அந்தப் பக்கம் பார்த்தான். வலது கண்ணை இடுக்கினான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

அவள் அவன் மார்பில் ஒரு குத்து விட்டாள். உண்மையான குத்து, அவன் ஒரு அடி பின்னால் போனான். இரண்டாவது குத்துக்கு ஓங்கிய கையால் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நானே பார்த்துப் பார்த்து மூக்கு செஞ்சு குடுத்திருக்கேனேடா பாவி, வேகமாப் போகட்டும்னு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. ஒளித்துவைத்த கிழவன்மேல் கோபம். இரண்டு வருடமாக மீட்டரைப் படித்துச் சொல்லியும், சாஸைத் துடைத்துவிட்டும், எதையும் கவனிக்காத எங்கள்மேல் அதைவிடக் கோபம்.

அழுது முடித்ததும் அவள் அந்தத் துணியை மடித்து மாவுப் பைக்குள் போட்டாள். "எட்டு" என்றாள், பழக்கத்தில்.

மழை வருமுன் முகாமைப் பிரித்தோம். மிஞ்சிய சாஸேஜை ரொட்டியில் சுருட்டி ஆளுக்கொன்று கொடுத்தேன், யாருக்கும் இறங்கவில்லை. யூட்டை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினோம். என் வண்டியைப் பக்கத்துக் கூடாரத்திலிருந்த என் தம்பி மகன் ஓட்டிவருவதாகச் சொன்னதால் நான் அவர்களோடு பின்சீட்டில் ஏறினேன். அவர்களைத் தனியாக விட மனமில்லை. அயர்ன் நாப் ஊர் வரை நூற்றைம்பது கிலோமீட்டர் மண்பாதை. சலவைப் பலகைமாதிரி மேடும் பள்ளமும். டிரெய்லரோடு அந்தப் பாதையை நெவில் யாரையும் ஓட்டவிட்டதில்லை.

அவன் டிரைவர் பக்கக் கதவுவரை போனான். கைப்பிடியைத் தொட்டபடி கொஞ்சநேரம் நின்றான். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, சாவியை ரெய்லீன் கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் ஏறி உட்கார்ந்தான். அவள் சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள்.

பத்து கிலோமீட்டர் போயிருப்போம். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது.

"அங்க ஓரமா நிக்கிறது கங்காருவா?" என்றான் நெவில்.

"இல்ல. வேலிக் கம்பம்."

"ம்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டான்.

"வானம் எப்படி இருக்கு?"

"வடக்க வெளுத்திருக்கு. ஏரிப்பக்கம் கருப்பு. சரியான மழை புடிச்சிருக்கு, நெவில். உப்பு முழுக்க தண்ணி நிக்கும்."

"மேடு வருதா?"

"வருது. சின்ன மேடு. புடிச்சுக்க."

வீடு வந்து சேரும்வரை அவன் கேட்டுக்கொண்டே வந்தான், அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.